கணினி தொடங்கவில்லையா? வன்தட்டை மாற்ற அவசரப்படாதீர்கள்

மல்லாவியிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "கனடாவிலிருந்து வந்து நின்றபோது தம்பி வாங்கித் தந்த பழைய மேசைக்கணினி. இடி மின்னலுக்குப் பயந்து இரண்டு நாள் பிளக்கைக் கழற்றி வைத்திருந்தோம். மறுபடி போட்டால், தொடங்குவதற்குச் சாதனம் எதுவும் இல்லை என்று கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் வருகிறது. வன்தட்டு போய்விட்டது, புதிது போட 25,000 ரூபாய், உள்ளே இருப்பதெல்லாம் அழியும் என்கிறார் கடைக்காரர். மகனின் உயர்தரச் செயற்றிட்டமும் உறவினர் அனுப்பிய பழைய குடும்பப் படங்களும் அதில்தான் இருக்கின்றன."

சகோதரி, கணினி கடையில் இருந்தால் இன்றே திருப்பி எடுத்து வாருங்கள். இரண்டு நாள் பிளக் கழன்றிருந்தது என்கிறீர்களே, அங்கேதான் என் சந்தேகம். கணினியின் உள்ளே எல்லாவற்றையும் இணைக்கும் தாய்ப்பலகையில் நாணயம் போன்ற ஒரு பற்றரி இருக்கும். மின்சாரம் இல்லாத வேளையில் கடிகாரத்தையும் அமைப்புகளையும் காப்பது அதுதான். அது தீர்ந்திருந்தால், எந்த முறையில் தொடங்குவது என்பதையும் கணினி மறந்துவிடக்கூடும்.

அந்த முறைகள் இரண்டு. பழையது பயாஸ். வன்தட்டின் முதல் 512 பைட்டை மட்டும் படித்து, அங்கிருக்கும் சிறு நிரல் காட்டும் வழியே போகும். புதியது யூ.ஈ.எஃப்.ஐ. வன்தட்டில் இதற்கென்றே ஒதுக்கிய பகுதியில் விண்டோஸ் வைத்திருக்கும் தொடக்கக் கோப்பைத் தேடிப் பிடிக்கும். ஒரு முறைக்கு நிறுவிய விண்டோஸை மற்ற முறையில் தேடினால் அகப்படாது. வீட்டில் ஆள் இருக்க, தபால்காரர் வேறு ஒழுங்கையில் நின்று கூப்பிடுவது போலத்தான்.

சீ.ஆர். 2032 என்று கேட்டால் கைக்கடிகாரக் கடையிலும் பற்றரி கிடைக்கும். சில நூறு ரூபாய்தான். பிளக்கைக் கழற்றிவிட்டு மகனே மாற்றலாம். கணினியைப் போட்டதும் எஃப்2 அல்லது டிலீட் விசையைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் அமைப்புத் திரை வரும். பற்றரியை மாற்ற முன்பே அங்கே திகதி பல ஆண்டுகள் பின்னால் நின்றால் குற்றவாளி பெரும்பாலும் பற்றரிதான். சாதனப் பட்டியலில் வன்தட்டின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால், 'பூட்' பகுதியில் 'லெகசி' (பழைய பயாஸ் முறை) என்றிருப்பதை 'யூ.ஈ.எஃப்.ஐ.' ஆக்கி, அல்லது மறுவளமாக மாற்றி, சேமித்து வெளியேறுங்கள். இந்த மாற்றத்தால் ஒரு கோப்பும் அழியாது.

ஒரு விதிவிலக்கைக் கட்டாயம் சொல்ல வேண்டும். நீலத் திரை வந்து 48 இலக்க மீட்புத் திறவுகோலைக் கேட்டால், வன்தட்டு விண்டோஸின் பூட்டு வசதியான பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருக்கிறது. பயப்பட வேண்டாம், கண்ட எண்ணையும் அடிக்க வேண்டாம். கணினியைத் தம்பி தன் மைக்ரோசொஃப்ட் கணக்கில் தொடங்கிக் கொடுத்திருந்தால், திறவுகோல் பெரும்பாலும் அந்தக் கணக்கில் இருக்கும். கனடாவிலிருந்தே அவர் பார்த்துச் சொல்லலாம். அது கைக்கு வரும்வரை எவரையும் வன்தட்டை 'ஃபோர்மட்' செய்ய, அதாவது வழித்துத் துடைக்க, விடாதீர்கள். திறவுகோல் இல்லாமல் எந்தக் கடைக்காரராலும் அந்தப் பூட்டைத் திறக்க முடியாது. முடியும் என்பவர் பொய் சொல்கிறார்.

சில கடைகளில் இருப்பது ஒரே ஒரு பழைய பென் டிரைவ். எந்த நோய்க்கும் அதைச் செருகி, வன்தட்டை வழித்துத் துடைத்து, உரிமமில்லாத விண்டோஸை ஏற்றிப் பணம் வாங்குகிறார்கள். பற்றுச்சீட்டும் இல்லை, பழைய வன்தட்டும் திரும்பி வராது. யாரும் கேட்பதுமில்லை. 2009 போரில் அல்பங்களைக் கைவிட்டு நடந்தவர்களிடம், படங்கள்தானே, போகட்டும் என்று சொல்ல எப்படி மனம் வருகிறது? தமிழ் அரசகரும மொழியாக உள்ள நாட்டில் ஒரு தாய்க்கு இந்த எச்சரிக்கை ஆங்கிலத்தில் மட்டும் வருவதும் எனக்கு ஆத்திரமூட்டுகிறது. பாடசாலையில் பிள்ளைகள் பயாஸுக்கு வரைவிலக்கணம் பாடமாக்குகிறார்கள். ஒரு பெட்டியையாவது திறந்து அந்தப் பற்றரியைக் காட்டினால் என்ன?

பட்டியலில் வன்தட்டின் பெயரே இல்லையென்றால், அதன் இரு வயர்களையும் கழற்றி இறுக்கிச் செருகிப் பாருங்கள். அதன் பிறகும் இல்லாவிட்டால் வன்தட்டைக் கழற்றி, நம்பிக்கையானவரின் கணினியில் இணைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்; திறந்தால் முதலில் படங்களைப் பிரதியெடுங்கள். புதிது வாங்குவதைப் பற்றி அதன் பின்னர் பேசலாம். அப்போதும் பழைய வன்தட்டைக் கையில் வாங்காமல் கடையை விட்டு வராதீர்கள்.