பக்கவாதம் வந்தவரின் இரு கண்களும் ஒரே பக்கம் திரும்பி நின்றால் தேறுவது கடினமா?

அப்பாவுக்கு இடது கையும் காலும் விழுந்து மூன்று நாள் ஆகிறது, இரு கண்களும் வலப்பக்கமே நிற்கின்றன, "கண் திரும்பினால் கஷ்டம்" என்று உறவினர் ஒருவர் பயமுறுத்துகிறார் என எழுதியிருக்கிறீர்கள். நான் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பிசியோதெரபிஸ்ட். பக்கவாதம் வந்தவர்களோடுதான் வேலை. ஸ்கேனைப் பார்த்து முடிவு சொல்ல வேண்டியவர் உங்கள் நரம்பியல் மருத்துவர்; எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

உறவினர் சொன்னதில் பாதி சரி. மூளையின் வலப்பாதி கண்களை இடப்பக்கம் திருப்பும், இடப்பாதி வலப்பக்கம் திருப்பும். வலப்பாதி அடிபட்டால் இடப்பாதியின் வேலை மட்டும் மிஞ்சுகிறது, கண்கள் வலப்பக்கம் போய்விடுகின்றன. அதாவது அடிபட்ட இடத்தையே பார்க்கின்றன. பிரெவோ என்ற ஜெனீவா மருத்துவர் 1868-லேயே இதை விரிவாக எழுதிவிட்டார்.

பெரும்பாலும் பெரிய ரத்தக்குழாய் அடைத்தால்தான் கண்கள் இப்படி ஒரேயடியாகத் திரும்பும். பக்கவாதத்தின் தீவிரத்தை அளக்கும் 42 மதிப்பெண் சோதனையில் கண் பார்க்கும் திசைக்கு 0 முதல் 2 வரை தனி மதிப்பெண் உண்டு. கண் திரும்பாதவர்களோடு ஒப்பிட்டால் திரும்பியவர்கள் தேறுவது சராசரியாகக் குறைவு என்பதும் உண்மை. ஆனால் சராசரியை வைத்து உங்கள் அப்பாவை எடைபோட முடியாது. அடைப்பு சீக்கிரம் திறந்ததா, எவ்வளவு மூளை தப்பியது, வயது என்ன, இதற்கு முன் எப்படி நடமாடினார் என்பதெல்லாம் சேர்ந்துதான் முடிவாகும்.

மூளைத்தண்டில், அதாவது மூளை தண்டுவடத்தோடு சேரும் அடிப்பகுதியில், வந்த வாதத்தில் கதை தலைகீழ். கை கால் விழுந்த பக்கத்தையே கண்கள் பார்க்கும், நேராக வரவும் அதிக நாள் பிடிக்கும். கண்ணின் பாவைகள் இரண்டும் ஊசிமுனை போலச் சுருங்கி, தலையை அசைத்தாலும் கண் அசையாமல் இருந்தால் நிலைமை மோசம் என்று பொருள். இன்னொன்று: ஒரு பாவை மட்டும் பெரிதாகி அவர் மயங்கத் தொடங்கினால் மூளை வீங்கி அழுத்துகிறது என்று அர்த்தமாகலாம். உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

இனி நான் அதிகம் பார்ப்பதற்கு வருகிறேன். மூளைத்தண்டில் இல்லாமல் மூளையின் வலப்பாதியிலோ இடப்பாதியிலோ வந்த வாதத்தில் திரும்பிய கண்கள் பெரும்பாலும் சில நாட்களில் தாமாகவே நேராகிவிடும். அடிபடாத மறுபாதி அந்த வேலையை எடுத்துக்கொள்கிறது. குடும்பம் குணமாகிவிட்டது என்று சந்தோஷப்படும். ஆனால் வலப்பாதி அடிபட்டவர்களில் பலருக்கு அப்போதும் இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. பார்வை இருக்கும், கவனம் போகாது.

டர்பனில் இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தில் ஓர் ஆயா. (பேச்சு ஆங்கிலமாகிவிட்டாலும் இங்கே பாட்டி இன்னும் ஆயாதான்.) இடப்பக்கம் உட்கார்ந்து ஊட்டும் மருமகளை அவர் திரும்பியே பார்க்கவில்லை. கோபம் என்று வீட்டில் முடிவு கட்டி, பழைய சண்டையெல்லாம் கிளம்பிவிட்டது. தட்டைப் பார்த்ததும் விஷயம் புரிந்தது: வலப்பாதியில் இருந்த பீன்ஸ் கறி காலி, இடப்பாதியில் சோறு அப்படியே. மருமகளை வலப்பக்கம் உட்காரச் சொன்னேன். உடனே பேச ஆரம்பித்துவிட்டார்.

கண் திரும்பியதைவிட இந்தக் கவனக்குறைவு எவ்வளவு நாள் நீடிக்கிறது என்பதுதான் என்னை அதிகம் கவலைப்பட வைக்கும். அது இருக்கும்வரை நடைப்பயிற்சி இழுக்கும், விழும் ஆபத்தும் அதிகம்.

அதனால் இப்போதைக்கு முக்கியமான விஷயங்களை வலப்பக்கம் நின்று பேசுங்கள். அவர் தெளிந்ததும், பேசிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக இடப்பக்கம் நகருங்கள். கண்ணும் தலையும் கூட வருகிறதா என்று பாருங்கள். விழுந்த கையை எடுத்து அவர் பார்க்கும்படி வையுங்கள், தோளைப் பிடித்து மட்டும் இழுக்க வேண்டாம். மருத்துவரிடம் எந்தக் குழாய் அடைத்தது, அது திறந்ததா என்று கேளுங்கள். பிசியோதெரபிஸ்டிடம் அப்பா தட்டில் எந்தப் பக்கத்தை மிச்சம் வைக்கிறார் என்று சொல்லுங்கள்.