பரண் மேல் லண்டன் பத்திரிகை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அண்ணாச்சி, தாத்தாவின் தேக்குப் பெட்டியில் ‘இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்’ பைண்டு வால்யூம் ஒன்று கிடந்தது. 1876 என்று போட்டிருக்கிறது. லட்சக்கணக்கில் போகும் என்கிறான் மச்சினன். நிஜமா?
– வாசகர், கல்லிடைக்குறிச்சி

மச்சினன் ஆசைக்கு அளவே இல்லை போல. 1842 மே 14-ல் தொடங்கிய பத்திரிகை அது. முதல் இதழே 26,000 பிரதி விற்றது. 1860-களில் வாரத்துக்கு மூன்று லட்சத்தை எட்டிவிட்டது. அவ்வளவையும் அச்சடித்ததோடு நிற்கவில்லை, வாங்கியவர்கள் அரையாண்டுக்கு ஒரு வால்யூமாகப் பைண்டு செய்து பத்திரமாக வைத்தும் விட்டார்கள். அதனால் பழசு என்பதற்காக மட்டும் யாரும் பணத்தைக் கொட்ட மாட்டார்கள். உள்ளே என்ன படம் என்பதுதான் விலை.

உங்களுடையது நல்ல வருஷம். 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர், அதாவது பிறகு ஏழாம் எட்வர்டு மன்னரானவர், இலங்கையிலிருந்து தூத்துக்குடியில் வந்து இறங்கி, நம்ம மணியாச்சி வழியாக ரயிலில் மதுரைக்குப் போனார். அந்த இந்தியப் பயணத்தைப் படம் வரையவே இந்தப் பத்திரிகை வில்லியம் சிம்ப்சன் என்ற ஓவியரை அனுப்பியிருந்தது. வரைந்த தாள் கப்பலேறி லண்டன் போய், மரக்கட்டையில் செதுக்கி அச்சேற வாரக்கணக்கில் ஆகும். ஆகவே டிசம்பர் சங்கதியை 1876 ஜனவரி, பிப்ரவரி இதழ்களில் தேடுங்கள். முன்னால் தலைப்புப் பக்கமும் அகரவரிசைப் பட்டியலும் இருக்கின்றனவா, இரட்டைப் பக்கப் படங்கள் மடிப்பில் கிழியாமல் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். படங்களை பிளேடால் அறுத்து, ஃபிரேம் போட்டு, தனித்தனியாக விற்கச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். கூடுதல் காசு வரும், மறுக்கவில்லை. எனக்கு மனசு ஒப்பவில்லை. படத்துக்கான செய்தி எதிர்ப்பக்கத்திலோ பின்பக்கத்திலோதான் இருக்கும். அறுத்துவிட்டால் அது எந்த ஊர், நிற்பவர் யார் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சாது. சுவரில் மாட்டியே ஆகவேண்டும் என்றால் நல்ல ஸ்கேன் எடுத்து மாட்டுங்கள்.

பழைய லண்டன் பத்திரிகைப் படம் ஒன்று வாங்கினேன். படத்தின் குறுக்கே முடி கனத்தில் வெள்ளைக் கோடுகள் நேராக ஓடுகின்றன. போலியா?
– ஆசிரியை, பாளையங்கோட்டை

டீச்சர், அந்தக் கோட்டைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்! படம் செதுக்க பாக்ஸ்வுட் மரத்தைக் குறுக்காக அறுத்துப் பயன்படுத்தினார்கள். அது பருமனாக வளராத மரம் என்பதால் பெரிய கட்டை கிடைக்காது. சின்னச் சின்னக் கட்டைகளைப் பின்னால் போல்ட் போட்டு முறுக்கி ஒன்றாக்கி, அதன் மேல் முழுப் படத்தையும் வரைவார்கள். அப்புறம் போல்ட்டைக் கழற்றி ஆளுக்கு ஒரு கட்டையாகக் கொடுத்துவிடுவார்கள். ஒருவர் வானத்தையும் இன்னொருவர் கூட்டத்தையுமாக ராவோடு ராவாகச் செதுக்கி முடிப்பார்கள். மறுபடி சேர்க்கும்போது இணைப்பு சரியாகப் பொருந்தாத இடம்தான் உங்கள் வெள்ளைக் கோடு. கோட்டுக்கு இரண்டு பக்கமும் செதுக்கிய கை மாறியிருப்பதுகூடச் சில படங்களில் தெரியும்.

ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள். கருமை எல்லாம் கோடுகளால் ஆகியிருந்தால் மரச்செதுக்கு. வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தால், போட்டோவிலிருந்து எடுத்த பிற்கால அச்சு. 1860-ஆம் வருஷத்துப் படம் என்று சொல்லிப் புள்ளிகளைக் காட்டினால் வாங்காதீர்கள். 1855-க்கு முந்தைய இதழ் என்றால் இன்னொரு அடையாளம் உண்டு: அதுவரை பிரிட்டனில் செய்தித்தாளுக்கு வரி இருந்ததால், பக்கத்தில் சிவப்பு மையில் வரி முத்திரை குத்தியிருக்கும்.

நெல்லைப் படங்கள் எதில் கிடைக்கும் என்றும் கேட்டிருந்தீர்கள். லண்டன் வாரப் பத்திரிகைகளைவிட மிஷன் பத்திரிகைகளில்தான் நம்ம ஊர்ப்பக்கம் அதிகம் வரும். ‘சர்ச் மிஷனரி க்ளீனர்’ பழைய தொகுதிகளைப் புரட்டுங்கள். பள்ளிக்கூடம், கோயில், பனங்காடு எல்லாம் உண்டு. எழுதியவர்கள் பார்வை மதப் பிரசாரப் பார்வைதான், அதை மனசில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

நான் வாங்கிய 1850-களின் படம் வண்ணத்தில் இருக்கிறது. அசல்தானே?
– வாசகர், தென்காசி

அச்சு அசலாக இருக்கலாம், வண்ணம் பிறகு விற்பவர்கள் பூசியது. ‘இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸி’ல் 1855 கிறிஸ்துமஸ் முதல் எப்போதாவது வண்ண இணைப்பு வந்தது. மற்றபடி கறுப்பு வெள்ளைதான். வண்ணத்துக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் அப்பா சேர்த்த பழைய படப் பத்திரிகைகள் முழுகிவிட்டன. வழவழப்பான தாள்கள் காய்ந்து செங்கல்லாட்டம் ஒட்டிக்கொண்டன. பிரிக்க வழி உண்டா?
– வாசகி, ஸ்ரீவைகுண்டம்

அந்தத் தாளின் மேல் களிமண் பூச்சு இருக்கும். நனைந்தால் இளகி, காயும்போது பக்கத்துத் தாளோடு இறுகிவிடும். காய்ந்த பிறகு வீட்டில் பிரிக்க முடியாதம்மா. கத்தி வைத்து நெம்பினால் படம் இரண்டாகப் பிய்ந்துவரும். ஓரங்களில் தானாக விடுவது விடட்டும், மற்றதை அப்படியே வையுங்கள். இனி இப்படி நேர்ந்தால், வழவழப்பான இதழ்களைக் காயவிடாமல் ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள், நிதானமாக யோசிக்க நேரம் கிடைக்கும். சாதா நியூஸ்பிரிண்ட் என்றால் பக்கங்களுக்கு இடையே அச்சில்லாத வெள்ளைத் தாள் வைத்து மாற்றி மாற்றி, ஃபேன் காற்றில் உலர்த்தலாம். மொட்டை மாடி வெயிலில் மட்டும் போடாதீர்கள்.

ராமபாணப் பூச்சி தொல்லை. வேப்பிலை போடலாமா? கிழிந்த பக்கங்களுக்கு லேமினேஷன் நல்லதா?
– வாசகர், அம்பாசமுத்திரம்

வேப்பிலையைத் தாள் மேல் நேராகப் போட்டால் கறை விழும். வசம்பைத் துணியில் முடிந்து அலமாரி மூலையில் வையுங்கள், போதும். அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுவது அதைவிடப் பலன் தரும், ஏனென்றால் பூச்சிக்கு வேண்டியது ஈரம். ஏற்கெனவே பூச்சி விழுந்த இதழைக் காற்றுப் புகாத பையில் கட்டி இரண்டு வாரம் ஃப்ரீசரில் வைத்து எடுக்கலாம்.

லேமினேஷன் கூடவே கூடாது. போட்டதைக் கழற்ற முடியாது. செல்லோடேப் சில வருஷத்தில் பழுத்துக் கறையாகிவிடும். பைண்டரிடம் கொடுத்தால், பசையில் மயில்துத்தம் கலக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பூச்சியைத் தடுக்கத்தான் அதைக் கலக்கிறார்கள், ஆனால் அதிலுள்ள செம்பு நாள்பட்டால் தாளை அரித்துவிடும்.

பாரதியாரின் ‘இந்தியா’ வாரப் பத்திரிகை அசல் இதழ் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. வாங்கலாமா?
– வாசகர், கோவில்பட்டி

எட்டயபுரத்துப் பக்கத்துக்காரருக்கு ஆசை வராமல் இருக்குமா! 1906-ல் சென்னையில் தொடங்கி, 1908-ல் புதுச்சேரிக்குப் போய், 1910-ல் நின்றுபோன பத்திரிகை. தமிழில் அரசியல் கார்ட்டூனைக் கொண்டுவந்ததும் அதுதான். சிவப்புத் தாளில் அச்சானது என்பதால் ஜெராக்ஸை எளிதில் கண்டுபிடிக்கலாம் என்று நினைக்காதீர்கள்; சிவப்புத் தாளில் நகல் எடுப்பது பெரிய வேலை இல்லை. லென்ஸில் பார்த்தால் ஈய எழுத்து தாளை அழுத்தியிருப்பதும், ஓரங்களில் மை சற்றுப் பிதுங்கியிருப்பதும் தெரிய வேண்டும். நகலில் எழுத்து தட்டையாக இருக்கும். மடிப்புக் கோடு நிஜமான மடிப்பா, நகலில் அச்சான கோடா என்றும் கவனியுங்கள். விற்பவர் கையில் எடுத்துப் பார்க்க விடவில்லை என்றால் பேரம் பேசாமல் கிளம்பிவிடுங்கள். அசலாகத் தோன்றினால், பணம் கொடுப்பதற்கு முன் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடத்தில் விவரம் தெரிந்தவர்களிடம் காட்டிக் கேளுங்கள்.