வெளுத்துச் சுருங்கும் கடல் சாமந்தி: மருந்தைத் தேடாமல் உப்பைப் பாருங்கள்

கேள்வி: கடலூர் முதுநகரில் சிமென்ட் தொட்டிகளில் கப்பி, மோலி, கோய் மீன்கள் வளர்த்து விற்கிறேன். இரண்டு மாதத்துக்கு முன்பு ஆசைக்காக வீட்டில் ஒரு கடல் நீர்த் தொட்டி போட்டேன். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். தேவனாம்பட்டினம் கரையில் எடுத்த தண்ணீர், மேலே சாதாரண டியூப்லைட். ஒரு ஜோடி கோமாளி மீன் நன்றாக இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு முன்பு செபே அனிமோன் என்று சொல்லி ஒரு கடல் சாமந்தி (பூப்போல விரியும் கடல் உயிரி) கொடுத்தார்கள். பால் வெள்ளை, நுனி மட்டும் ஊதா. வெயிலுக்காகத் தொட்டி மேல் சின்ன ஃபேன் வைத்தேன். அதில் தினமும் இரண்டு லிட்டர் தண்ணீர் குறைகிறது. கடல் தண்ணீரையே ஊற்றி நிரப்புகிறேன். இப்போது சாமந்தி சுருங்கி, வாய் பிளந்து, இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. நன்னீர் மீனுக்குப் போடுவதுபோல மயில்துத்தம் போடலாமா? பிழைத்தால் இதைப் பெருக்கி விற்க முடியுமா?

பதில்: மயில்துத்தத்தை அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில்கூடக் கொண்டுபோகாதீர்கள். அதில் இருப்பது தாமிரம். மீன் தாங்கும் அளவைச் சாமந்தி தாங்காது. ஒரு தடவை போட்டால் மணலும் கல்லும் அதை இழுத்து வைத்துக்கொண்டு பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விடும். அப்புறம் அந்தத் தொட்டியில் சாமந்தி, இறால், நத்தை எதையும் நம்பி விட முடியாது. உங்கள் சாமந்திக்கு வந்திருப்பது மருந்து போட்டுத் தீர்க்கிற நோயே இல்லை.

நீங்கள் ஊற்றிய தண்ணீரிலிருந்து தொடங்குவோம். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். உங்கள் தொட்டியில் மணலும் கல்லும் போக 150 லிட்டர் தண்ணீர் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். நல்ல கடல் நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. தினம் இரண்டு லிட்டர் வீதம் 14 நாளில் 28 லிட்டர் ஊற்றியிருக்கிறீர்கள், அதாவது கிட்டத்தட்ட ஒரு கிலோ உப்பைக் கூடுதலாகச் சேர்த்திருக்கிறீர்கள். 35 பிபிடியில் (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) இருந்த தண்ணீர் 41-ஐத் தாண்டியிருக்கும். கோமாளி மீன் இதைச் சமாளித்துக்கொள்ளும். உடம்பு முழுக்க நீரும் மெல்லிய தோலுமாக இருக்கிற சாமந்தியால் முடியாது. வாய் பிளப்பதும் நல்ல இடம் தேடி நகர்வதும் பெரும்பாலும் இதனால்தான்.

ஊகத்தில் எதையும் செய்ய வேண்டாம், முதலில் அளந்து பாருங்கள். பரங்கிப்பேட்டை, கிள்ளைப் பக்கம் இறால் பண்ணை வைத்திருப்பவர்களிடம் உப்பின் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் இருக்கும். தெரிந்தவர் இருந்தால் ஒரு நாள் இரவல் வாங்குங்கள், பிறகு சொந்தமாக ஒன்று வாங்கிவிடுங்கள். அளவு 41-க்குப் பக்கத்தில் இருந்தால் ஒரே நாளில் இறக்கிவிடாதீர்கள். தினமும் ஐந்து லிட்டர் தொட்டித் தண்ணீரை எடுத்துவிட்டு, ஐந்து லிட்டர் ஆர்ஓ தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். ஒவ்வொரு தடவையும் ஒன்றேகால் பிபிடி போல இறங்கும். ஐந்து நாளில் 35-க்கு வந்துவிடும். அதற்குப் பிறகு ஆவியாகிற குறைவுக்கு என்றைக்கும் உப்பில்லாத ஆர்ஓ தண்ணீர்தான். கண்ணாடியில் ஒரு கோடு போட்டு வைத்து, காலையும் மாலையும் அந்தக் கோடு வரை நிரப்புங்கள். ஃபேன் நல்ல யோசனைதான், எடுக்க வேண்டாம். தண்ணீர் 25 முதல் 27 டிகிரிக்குள் நின்றால் போதும்.

ஆர்ஓ என்றதும் ஒரு எச்சரிக்கை. தாமிரம் சேர்க்கும் வசதியோடு வரும் வீட்டுச் சுத்திகரிப்பான்கள் இப்போது நிறைய விற்கின்றன. மனிதர் குடிக்க அது இருக்கட்டும், சாமந்தித் தொட்டிக்கு ஆகவே ஆகாது. உங்கள் வீட்டில் அந்த வகை இருந்தால் சாதாரண ஆர்ஓ தண்ணீரை வெளியே வாங்குங்கள். செம்புக் குடத்திலோ பித்தளைப் பாத்திரத்திலோ பிடித்து வைப்பதும் கூடாது. முதுநகர்ப் போர்வெல் தண்ணீரை நினைக்கவே வேண்டாம்.

அடுத்தது நிறம். பால் வெள்ளை என்று பார்த்து ஆசைப்பட்டு வாங்கியிருக்கிறீர்கள், அந்த வெள்ளைதான் ஆபத்தின் அடையாளம். செபே அனிமோனின் இயல்பான நிறம் பழுப்பு. நுனியில் ஊதா இருக்கலாம். அந்தப் பழுப்பு அதன் உடம்புக்குள் வாழும் நுண்பாசியின் நிறம். பாசி வெளிச்சத்தில் உணவு தயாரிக்கிறது, சாமந்தி அதில் பெரும்பங்கை எடுத்துக்கொண்டு வாழ்கிறது. பிடித்த இடத்திலிருந்து கடைக்கு வருவதற்குள் இருட்டிலும் சூட்டிலும் அலைக்கழிந்து அது பாசியை இழந்திருக்கிறது. பட்டினியாகத்தான் உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது. இனி வாங்குவதாக இருந்தால் பழுப்போ பச்சையோ கலந்ததாக, வாய் இறுக மூடியதாக, அடிப்பாதம் கிழியாததாகப் பார்த்து வாங்குங்கள். பளீர் மஞ்சள், ரோஸ் நிறத்தில் இருப்பவை பெரும்பாலும் சாயம் ஏற்றியவை.

இழந்த பாசி திரும்ப வளர வெளிச்சம் வேண்டும், டியூப்லைட் அதற்குக் காணாது. நீலமும் வெள்ளையும் கலந்த, கடல் தொட்டிக்கென்றே விற்கும் எல்இடி விளக்கு வாங்குங்கள். வெளுத்த உயிருக்கு முதல் நாளே முழு வெளிச்சம் கொடுத்தால் கருகிவிடும். குறைந்த அளவில் தொடங்கி, இரண்டு மூன்று வாரத்தில் கூட்டி, தினம் எட்டு மணி நேரத்தில் நிறுத்துங்கள். நிறம் திரும்ப மாதக்கணக்கில் ஆகும், பொறுமை வேண்டும். அதுவரை வாரம் இரண்டு முறை உணவு கொடுங்கள். புது இறாலைத் தோல் உரித்து, நன்றாகக் கழுவி, பட்டாணி அளவுக்கு ஒரு துண்டு, அவ்வளவுதான். பெரிய துண்டு கொடுத்தால் மறுநாள் துப்பிவிடும், அது அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். கோமாளி மீன்கள் பிடுங்கும், இடித்துத் தள்ளும். நலிந்த சாமந்திக்கு அந்தத் தொல்லை வேண்டாம், கொஞ்ச நாளைக்குத் துளைபோட்ட பிளாஸ்டிக் கூடையால் மூடிப் பிரித்து வையுங்கள்.

இரண்டு மாதத் தொட்டி சாமந்திக்கு இளசு. ஆறு மாதமாவது ஓடி நிலைத்த தொட்டிதான் அதற்கு ஏற்றது. வாங்கிவிட்டீர்கள், ஆகவே கழிவிலிருந்து உருவாகும் நச்சுகளான அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமா என்று சோதனைக் கிட் வைத்து இரண்டு நாளுக்கு ஒரு முறை பாருங்கள். நைட்ரேட் 10 பிபிஎம்-க்குள் (லிட்டருக்கு 10 மில்லிகிராம்) இருக்கட்டும். அலை மோட்டாரின் உறிஞ்சும் வாயைப் பஞ்சு வைத்து மூடுங்கள். நகரும் சாமந்தி அதற்குள் இழுபட்டு நார் நாராகிவிடும். நீங்கள் எடுக்கும், கெடிலம் ஆற்று முகத்துவாரத்தை ஒட்டிய கரைத் தண்ணீர் எனக்கு அவ்வளவு திருப்தியில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் அங்கே உப்பும் குறையும், ஊர்க் கழிவும் வந்து சேரும். ஆர்ஓ தண்ணீரில் செயற்கைக் கடல் உப்பைக் கலந்து, ஒரு நாள் காற்று விட்டுப் பயன்படுத்துவதே நல்லது. கடல் தண்ணீர்தான் வேண்டும் என்றால் ஃபைபர் படகில் போகிறவர்களிடம் சொல்லி, கரையை விட்டு நன்றாகத் தள்ளி எடுத்து வரச் சொல்லுங்கள்.

மழைக்காலத்தில் மின்சாரம் இன்னொரு கவலை. 2011 டிசம்பரில் தானே புயலுக்குப் பிறகு நம் மாவட்டம் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தது உங்களுக்கும் நினைவிருக்கும். பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் இரண்டு வாங்கி வையுங்கள், விலை அதிகமில்லை.

பெருக்கி விற்பது பற்றி: செபே வகை வீட்டுத் தொட்டியில் பெரும்பாலும் பெருகாது. பபிள் டிப் என்கிற வகை தானே இரண்டாகப் பிரியும். அதற்கும் நிலைத்த தொட்டியும் நல்ல விளக்கும் வேண்டும். நீங்கள் மீன் வளர்த்துப் பழகிய கை, வருமானத்துக்குக் கோமாளி மீனைப் பாருங்கள். அது முட்டையிடச் சாமந்தியே தேவையில்லை, மண் சட்டியிலோ ஓட்டிலோ ஒட்டவைக்கும். குஞ்சுக்கு இரையாகும் ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிரை வளர்க்கத் தெரிவதுதான் கடினமான பகுதி. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் கடல் அலங்கார மீன் குஞ்சு உற்பத்தியில் வேலை செய்த இடம். நேரில் போய்க் கேளுங்கள். தொட்டி அலங்காரத்துக்கு என்று யாராவது பவளப்பாறை கொண்டுவந்தால் வாங்காதீர்கள். பாறையாக வளரும் பவளங்கள் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை.

இவ்வளவும் செய்தும் சில சாமந்திகள் பிழைக்காது. சாமந்தி அவ்வப்போது சுருங்கிப் பழுப்பு நூல்போலக் கழிவை வெளியே விட்டு, சில மணி நேரத்தில் மறுபடி விரிந்தால் பயப்பட வேண்டாம், அது இயல்பு. ஆனால் ஒரு நாளுக்கு மேல் தளர்ந்தே கிடந்து, கை உறை போட்டுத் தொடும்போது இழைகள் கையோடு வந்து, அழுகிய வாடை அடித்தால் அது செத்துவிட்டது. அன்றைக்கே எடுத்துவிட்டு, தண்ணீரில் கால் பங்கை மாற்றுங்கள். விட்டுவைத்தால் ஒரே இரவில் அமோனியா ஏறி அந்த ஜோடி மீனும் போய்விடும்.