முதலில் நீச்சல், பிறகு முகாம்

தங்கச்சி, நோர்வேயின் வடக்கே இருக்கும் போட்ஸ்பியோர்டுக்கு வந்து நான்கு மாதம், கணவருக்கு மீன் ஆலையில் வேலை, மகனுக்கு எட்டு வயது என்று எழுதியிருக்கிறீர்கள். கோடை முகாமுக்கு அவனை அனுப்பலாமா, எவ்வளவு செலவாகும், சோறு கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

காசு விவரத்தைக் கொம்யூனில், அதாவது ஊராட்சி அலுவலகத்தில் கேளுங்கள். சோறு கிடைக்காது. பாணும் பழுப்புச் சீஸும் சொசேஜும்தான் இருக்கும். பன்றி இறைச்சி சாப்பிட மாட்டான் என்றால் விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள். ஐந்து நாள் சோறில்லாமல் எந்தப் பிள்ளையும் இளைத்துப்போகாது.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் முக்கியம். மகனுக்கு நீந்தத் தெரியுமா?

நாம் இருக்கும் பின்மார்க் மாவட்டத்தில் சாரணர் நடத்தினாலும், தேவாலயம் நடத்தினாலும், வேட்டை மீன்பிடிச் சங்கம் நடத்தினாலும் முகாம் என்றால் பெரும்பாலும் தண்ணீர்க் கரைதான். ஏரி, ஆறு, இல்லாவிட்டால் கடல். இங்குள்ள பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலேயே நீச்சல் பழகுகிறார்கள். குப்புற 100 மீட்டர், மல்லாக்க 100 மீட்டர், நடுவில் மிதந்து இளைப்பாறுவது, இதுதான் அவர்களுடைய அளவுகோல். இடையில் வந்து சேரும் நம் பிள்ளைக்கு அந்தப் பாடம் தவறிப்போயிருக்கலாம். முகாம் விண்ணப்பத் தாளில் 'நீந்துவானா?' என்று கேட்டிருப்பார்கள். வெட்கப்பட்டு 'ஆம்' என்று எழுதிவிடாதீர்கள்.

நான் எழுதினேன். 1996இல் மூத்தவனுக்கு எட்டு வயது. இரண்டாம் நாள் மற்றப் பிள்ளைகள் படகுத்துறையிலிருந்து குதித்தார்கள். தெரியாது என்று சொல்ல மனமில்லாமல் இவனும் குதித்தான். ஜூலை மாதத்திலும் அந்த ஏரி மூச்சை அடைக்கும் குளிர். பொறுப்பாளர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தெடுத்திருக்கிறார். பிள்ளை தப்பியது அவர் பக்கத்தில் நின்றதால்தான். அந்தத் தாளில் என் கையெழுத்து இருந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு நித்திரை வராது. டென்மார்க்கைவிடப் பெரிய இந்த மாவட்டத்தில் மொத்தமே சுமார் 75,000 பேர்தான். தானா பாலத்தடி (தானா ப்ரூ) என்ற ஊருக்குப் போகவே உங்களுக்கு ஏறக்குறைய 100 கிலோமீட்டர். உதவி ஓடி வருகிற தூரமில்லை.

அடுத்தது உடுப்பு. நான் அவனுக்கு ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் கட்டி அனுப்பினேன். நனைந்த பருத்தி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். உள்ளே கம்பளி, வெளியே மழைக்கோட்டு, மாற்றுக் கம்பளிக் காலுறை மூன்று சோடி. எல்லாவற்றிலும் பெயர் எழுதுங்கள். புதிதாக வாங்க வேண்டாம். பூஆ என்ற இரவல் நிலையம் பக்கத்தில் இருந்தால் பல பொருட்களை இலவசமாகத் தருவார்கள். நுளம்பு கடிக்காமல் தலையில் போடும் வலை ஒன்றும் வையுங்கள். ஜூலை கடைசிவரை சூரியன் மறையாது. கூடாரத்துக்குள்ளும் வெளிச்சம் இருக்கும், கண்ணை மூடிக்கட்ட ஒரு துணி நல்லது.

ஆனால் அனுப்புங்கள். ஒஸ்லோவில் இருக்கிற நம்மவர்கள் சிலர் எட்டு வாரக் கோடையையும் கணக்கு டியூஷனால் நிரப்புவார்கள், வெயிலில் கறுத்துவிடும் என்று பிள்ளையை வீட்டுக்குள் வைப்பார்கள். எனக்கு அது பிடிக்காது. அப்படி வளர்ந்த பிள்ளைக்குச் சான்றிதழ் இருக்கும், ஊரில் ஒரு சிநேகிதன் இருக்க மாட்டான். என்னோடு மீன் ஆலையில் நின்றவர்களில் முக்கால்வாசிப்பேர் தெற்கே போய்விட்டார்கள். நான் போகவில்லை. என் பிள்ளைகள் இந்த ஊர்ப் பிள்ளைகளாக வளர்ந்ததில் எனக்குப் பெருமை உண்டு.

1987 நவம்பரில் நான் வந்தபோது சூரியன் போய்விட்டிருந்தது. ஜனவரி பிந்தித்தான் திரும்பி வந்தது. மீன் வெட்டும் மேசையில் பக்கத்தில் நின்ற மூதாட்டிக்கு என் மொழி தெரியாது, எனக்கு அவருடையது தெரியாது. ஒருநாள் இடைவேளையில் என் றப்பர்ச் சப்பாத்தைக் கழற்றச் சொல்லிச் சைகை காட்டினார். உள்ளே ஈரமான நைலோன் காலுறை. ஒன்றும் சொல்லாமல் போனவர், அடுத்த திங்கட்கிழமை தன் கையால் பின்னிய சாம்பல்நிறக் கம்பளிக் காலுறையைக் கொண்டுவந்து தந்தார். குதிகால் இரண்டு தரம் தேய்ந்துவிட்டது, இரண்டு தரமும் அவரே தைத்துத் தந்தார்.

மூத்தவன் அடுத்த வருடமும் முகாமுக்குப் போனான், நீச்சல் பழகிக்கொண்டு. திரும்பி வரும்போது பேர்ச் மரத்தில் செதுக்கிய வெண்ணெய்க் கத்தி ஒன்று கொண்டுவந்தான். அதன் பிடியில் 'அ' என்று தமிழில் வெட்டியிருந்தான், அம்மாவுக்காம். என் மனைவி இன்னும் அதை வேறு யாரும் கழுவ விடுவதில்லை.