ஈஸ்டர் மேசைக்குப் பூ: எதை வாங்குவது, எதைப் பறிப்பது?

கேள்வி: ஈஸ்டர் அன்று மதியம் சம்பந்தி வீட்டார் சாப்பிட வருகிறார்கள். சாப்பாட்டு மேசை நடுவில் வைக்க ஒரு பூ அலங்காரம் கேட்டால் கடையில் 2,500 ரூபாய் சொல்கிறார்கள். எங்கள் தோட்டத்தில் டபுள் சம்பங்கி, நந்தியாவட்டை, காகிதப்பூ, அரளி, செண்டுமல்லி எல்லாம் இருக்குதுங்க. லில்லியும், பூ குத்துகிற பச்சை ஸ்பாஞ்சும், ஒரு கண்ணாடி ஜாடியும் மட்டும் வாங்கி நானே செய்துவிடலாமா?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: தாராளமாகச் செய்யலாம். ஆனால் வாங்கப் போவதாகச் சொன்ன மூன்றில் ஒன்றுகூட உங்களுக்குத் தேவைப்படாது.

முதலில் லில்லி. ஈஸ்டர் லில்லி என்று படங்களில் பார்க்கும் வெள்ளைப் பூவுக்குத் தாயகம் ஜப்பானின் தென்தீவுகளும் தைவானும். மேல்நாட்டில்கூட அது ஈஸ்டர் சமயத்தில் தானாகப் பூப்பதில்லை. கிழங்கைக் குளிரில் வைத்து, காலம் கணக்கிட்டுப் பூக்க வைக்கிறார்கள். நம் ஊர்க் கடைகளுக்கு வரும் லில்லி பெரும்பாலும் மலையில் பசுமைக்குடில் போட்டு வளர்க்கும் கலப்பின ரகங்கள். அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் டபுள் சம்பங்கியைத் தோட்டத்தில் வைத்துக்கொண்டு வெள்ளைப் பூவுக்குக் காசு கொடுப்பானேன்? உயிர்ப்பு ஞாயிறுக்குத் திருவழிபாட்டு நிறம் வெள்ளையும் பொன்னும். சம்பங்கியும் மஞ்சள் செண்டுமல்லியும் சேர்ந்தாலே அது வந்துவிடும். எப்படியும் லில்லி வேண்டும் என்றால், கீழ் மொட்டில் நிறம் தெரிந்து இன்னும் விரியாத தண்டாக வாங்குங்கள். விரிந்ததும் நடுவில் இருக்கும் மகரந்தப் பையைக் கிள்ளிவிட வேண்டும், துணியில் பட்டால் கறை போகாது. வீட்டில் பூனை இருந்தால் லில்லியே வேண்டாம், அதன் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

அடுத்தது ஸ்பாஞ்ச். அது பிளாஸ்டிக். ஒருமுறை குத்தினால் ஓட்டை விழுந்து, மறுமுறை தண்டு நிற்காது. எருக்குழியில் போட்டால் மக்காமல் பொடிப்பொடியாக உதிர்ந்து மண்ணில் கலக்கும். கோபியில் இருந்துகொண்டு இதைக் காசு கொடுத்து வாங்குவது எனக்குச் சம்மதமில்லை. தார் வெட்டிய வாழைமரம் பக்கத்துத் தோட்டத்தில் சும்மா கிடக்கும். ஒன்றரை அடித் துண்டாக வெட்டி, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, தட்டையான பக்கம் கீழே இருக்கும்படி வையுங்கள். ஒரு குச்சியால் முதலில் துளை போட்டுவிட்டுத் தண்டைச் செருகினால் அசையாமல் நிற்கும். அதில் இருக்கிற ஈரமே விருந்து முடியும்வரை பூவை வாடாமல் வைத்திருக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை: வாழைக் கறை மேசை விரிப்பில் பட்டால் துணியைத் தூக்கிப் போட வேண்டியதுதான். சனிக்கிழமை சாயங்காலமே வெட்டி, சாய்த்து வைத்துச் சாறு வடியவிடுங்கள். மேசையில் வைக்கும்போது அடியில் ஒரு தாம்பாளம் இருக்கட்டும்.

கண்ணாடி ஜாடியும் இந்த வெயிலுக்கு உகந்ததல்ல. செண்டுமல்லித் தண்டு தண்ணீரைச் சீக்கிரம் கலங்கடித்துவிடும், அது பளிச்சென்று வெளியே தெரியும். வீட்டில் பித்தளை உருளி இருந்தால் அதையே எடுங்கள்.

இனி பறிக்கிற விஷயம். சம்பங்கி கீழிருந்து மேலாக விரியும். அடியில் இரண்டு மூன்று பூ மட்டும் விரிந்த தண்டாகப் பார்த்து, சனிக்கிழமை பொழுது சாய்ந்த பிறகு வெட்டி, உடனே வாளித் தண்ணீரில் போட்டு, இரவு முழுக்க நிழலான இடத்தில் வையுங்கள். காலையில் அடியைச் சாய்வாக இன்னொரு முறை வெட்டிவிட்டுச் செருகலாம். அதன் வாசம் பொழுது போகப் போக ஏறும். மதிய விருந்துக்குப் பரவாயில்லை, இரவு விருந்தென்றால் பிரியாணி வாசத்தோடு சண்டை போடும். நந்தியாவட்டையில் பால் வடியும், தண்டோடு நிற்காது. ஞாயிறு காலை பறித்து உருளித் தண்ணீரில் மிதக்கவிடுங்கள். காகிதப்பூவில் பச்சை இலைகளை எல்லாம் கிள்ளிவிட்டுக் குட்டையான கொத்தாக வைத்தால்தான் தாங்கும். அரளியைத் தொடவே வேண்டாம். இலை, பூ, பால் எல்லாமே விஷம். சோறு பரிமாறுகிற மேசையில், குழந்தைகள் கை நீட்டுகிற இடத்தில் அதற்கு வேலை இல்லை. பச்சைக்குத் தென்னங்குருத்தைப் பின்னி ஓரத்தில் சுற்றலாம். குருத்தோலை ஞாயிறு அன்று மந்திரித்த ஓலையை இதற்கு எடுத்துவிடாதீர்கள், வீட்டுப் பெரியவர்கள் மனம் கோணும்.

உயரத்துக்கு ஒரு அளவு: மேசையில் முழங்கையை ஊன்றிக் கையை நிமிர்த்துங்கள். பூ அதற்கு மேல் போனால் எதிரே இருக்கும் சம்பந்தியம்மாவின் முகம் தெரியாது.

ஏதாவது ஒன்றிரண்டு கொத்து வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் சனிக்கிழமை வரை காத்திருக்காதீர்கள். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் பெரும்பாலும் பூ வைக்காத கத்தோலிக்க ஆலயப் பீடங்கள் எல்லாம் அன்று இரவுத் திருவிழிப்பு வழிபாட்டுக்கு ஒரேயடியாகப் பூ கேட்கும். பங்குனியில் ஈஸ்டர் விழுந்தால் அம்மன் கோயில் விசேஷங்களும் சேர்ந்துகொள்ளும். ஜெர்பரா, கார்னேஷன் எல்லாம் பல நாள் தாங்குகிறவை, வியாழக்கிழமையே வாங்கிவிடலாம். சத்தியமங்கலம் பக்கத்தில்தானே இருக்கிறது என்று மல்லிகையைக் கிலோக் கணக்கில் வாங்குவதும் இதற்கு உதவாது. காம்பில்லாத பூ, செருக முடியாது, தலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: போன ஈஸ்டருக்கு ஒரு கடையில் முழுப்பணமும் கட்டி அலங்காரம் சொல்லியிருந்தேன். வந்தது வாடிய பூ. கேட்டால், “பூன்னா வாடத்தானே செய்யும்” என்கிறார்கள். இதற்கெல்லாம் புகார் கொடுக்க முடியுமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: முடியும். வாங்கிய பிறகு வாடுவது வேறு, வாடியதையே கொண்டுவந்து கொடுப்பது வேறு. கையில் வாங்கிய நேரத்தில் எடுத்த படமும், பணம் கட்டியதற்கான ரசீதும் இருந்தால் முதலில் கடைக்கே பணத்தைத் திருப்பிக் கேட்டு வாட்ஸ்அப்பிலாவது எழுதிப் போடுங்கள். வாய்ப்பேச்சு நிற்காது. பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்; 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, 2 ஆண்டுக்குள் போட வேண்டும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். பில் கேட்டும் தர மறுத்திருந்தால், 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி அதுவே முறையற்ற வணிகம். இவ்வளவும் சொன்னாலும், தொகை சின்னதாக இருந்தால் 1915-ஓடு நிறுத்திக்கொள்வதுதான் உங்கள் நேரத்துக்கு நல்லது.

கேள்வி: பூ வாடாமல் இருக்கத் தண்ணீரில் கலக்கச் சொல்லி, பூவோடு ஒரு பொடிப் பாக்கெட்டும் விற்கிறார்களே, வாங்கலாமா?
– வாசகி, பொள்ளாச்சி

பதில்: கொத்தோடு இலவசமாக வந்தால் போடுங்கள். அதில் இருப்பது சர்க்கரை, கொஞ்சம் அமிலம், கிருமியை அடக்கும் மருந்து. வீட்டுச் சர்க்கரையை மட்டும் கரைத்து ஊற்றினால் கிருமிக்குத்தான் விருந்து. ஒருநாள் மேசைக்குச் சுத்தமான பாத்திரமும் நல்ல தண்ணீரும் போதும்.