பாரிஸில் நல்ல ஸ்டேக் ஃப்ரீத் சாப்பிட: கேள்வி பதில்

பாரிஸ் பிஸ்த்ரோ, அதாவது சிறு உணவகக் குசினிகளில் இருபது வருடத்துக்கு மேல் நின்றிருக்கிறேன். முதலில் பாத்திரம் கழுவினேன், அப்புறம் உருளைக்கிழங்கு வெட்டினேன், கடைசியில் இறைச்சி அடுப்புக்கு வந்தேன். ஸ்டேக் என்கிற சுட்ட மாட்டிறைச்சித் துண்டும், ஃப்ரீத் என்கிற எண்ணெயில் பொரித்த உருளைக்கிழங்குத் துண்டுகளும் பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில்கள் கீழே.

சென்னையிலிருந்து ஒரு தங்கை: அண்ணா, மூன்று நாள்தான் பாரிஸில் இருப்போம். நல்ல கடையை எப்படிக் கண்டுபிடிப்பது?

உள்ளே போகாமலே பாதி தெரிந்துவிடும் தங்கச்சி. விலைப்பட்டியலை வாசலில் மாட்டவேண்டும் என்பது இங்கே சட்டம். அதில் வெறுமனே ஸ்டேக் என்று இருக்கிறதா, மாட்டின் எந்தப் பகுதி என்று இருக்கிறதா, பாருங்கள். ஆந்த்ரகோத் என்றால் விலாப் பக்கம். கொழுப்பு ஊடுருவியிருப்பதால் ருசி கூட. ஃபோ ஃபிலே இடுப்புப் பக்கம், கொழுப்புக் குறைவு. பவெத், ஓங்கிளே இரண்டும் நார் நீளமான துண்டுகள். விலை மலிவு, இறைச்சி மணம் அதிகம். ஓங்கிளேயை இறைச்சிக் கடைக்காரர்கள் விற்காமல் தங்கள் வீட்டுக்கு எடுத்துப் போவார்கள் என்று இங்கே சொல்வதுண்டு. அது எனக்கும் பிடித்த துண்டு.

பகுதியின் பெயர் எழுதாத கடையை நான் தாண்டிப் போய்விடுவேன். நீங்களும் தாண்டிப் போங்கள்.

அடுத்தது, மாடு எந்த நாட்டில் பிறந்து வளர்ந்து வெட்டப்பட்டது என்பதை உணவகம் எழுதி வைக்கவேண்டும். 2002இல் வந்த சட்டம் இது. அதோடு ஷரோலேஸ், லிமூசின், ஓப்ராக் என்று இனத்தையும் எழுதியிருந்தால், பார்த்து வாங்குகிற ஆள் உள்ளே இருக்கிறார் என்று நம்பலாம்.

சிங்கப்பூரிலிருந்து ஒருவர்: போர்த் மையோ பக்கம் ஒரே ஒரு சாப்பாடு மட்டும் தரும் கடை இருக்கிறதாமே, போகலாமா?

லெ ரெலே த வெனீஸ். 1959இல் தொடங்கியது. முதலில் வால்நட் போட்ட சாலட், அப்புறம் பச்சை சாஸ் ஊற்றிய ஆந்த்ரகோத்தும் ஃப்ரீத்தும். எவ்வளவு வேகவேண்டும் என்று மட்டும்தான் கேட்பார்கள். பாதியைப் பரிமாறிவிட்டு, மீதியைச் சூடாக வைத்திருந்து இரண்டாம் தடவை கொண்டுவருவார்கள். முன்பதிவு கிடையாது, வரிசையில் நிற்கவேண்டும். மெல்லிய துண்டுகள், சாஸின் ருசிதான் மேலே நிற்கும். ஒரு தடவை போகலாம். தடித்த துண்டை வெட்டிச் சாப்பிடுகிற சுகம் அங்கே கிடைக்காது.

மதுரையிலிருந்து ஒரு மாணவர்: கையில் காசு குறைவு அண்ணா.

ஃபோபூர் மோன்மார்த்ர் தெருவில் பூயோன் ஷார்த்தியே. 1896இலிருந்து நடக்கிறது. மலிவு, கூட்டம். பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம், வயிறு நிறையும்.

கொழும்பிலிருந்து ஒருவர்: மனைவிக்கு இரத்தம் பார்த்தால் குமட்டும். நன்றாக வேகவைத்துத் தரச் சொல்லலாமா?

முதலில், தட்டில் ஓடுவது இரத்தம் இல்லை. மாட்டை வெட்டும்போதே இரத்தம் வடிந்துவிடும். இது தசையில் இருக்கும் மயோகுளோபின் என்ற புரதம் கலந்த நீர்.

இரண்டாவது, நம் வீட்டுக் கறி மணிக்கணக்கில் கொதித்து மெத்தென்று ஆவது ஏன்? கால், கழுத்து இறைச்சியில் இருக்கும் சவ்வு மெல்ல மெல்லக் கரைவதால். ஸ்டேக் துண்டில் அந்தச் சவ்வு குறைவு. கரைய ஒன்றுமில்லாததால் காயத்தான் செய்யும். பவெத்தை முழுக்க வேகவிட்டால் என் கண்முன்னே சட்டியில் சுருண்டு, ஓரம் மேலே தூக்கிக்கொள்ளும். நீரெல்லாம் வெளியே வந்து இறைச்சி வதங்குவதை விட்டு அவியத் தொடங்கும். அதைத் தட்டில் வைக்கவே மனது வராது. மனைவிக்கு பெஃப் பூர்கினியோன் வாங்கிக் கொடுங்கள். சிவப்பு வைனில் நெடுநேரம் வெந்த மாட்டிறைச்சி. சிவப்பு நீர் ஒரு சொட்டு இருக்காது.

லண்டனிலிருந்து ஒருவர்: காசு கொடுப்பவன் நான். எனக்கு எப்படிப் பிடிக்குமோ அப்படிச் சமைத்துத் தருவதுதானே உங்கள் வேலை?

உங்கள் தட்டு, சரி. பியான் குயி, அதாவது முழுக்க வெந்தது கேட்டவர்களுக்கு நானும் சமைத்துக் கொடுத்திருக்கிறேன். ஆனால் நான் நின்ற ஒரு குசினியில், துண்டுபோடும்போது மிஞ்சும் மெல்லிய நுனிப்பகுதியை அதற்கென்றே ஒதுக்கி வைப்பார்கள். காய்ந்த பிறகு வித்தியாசம் தெரியாது என்பது அவர்கள் நியாயம். முழு விலை வாங்கிவிட்டு இப்படிச் செய்வது பிழை என்று சண்டை போட்டிருக்கிறேன். உங்கள் காசு வீணாகக்கூடாது என்றுதான் சொல்கிறேன்.

டொராண்டோவிலிருந்து ஒரு அக்கா: ஆ புவான் என்றால் நடுத்தர வேக்காடு என்று கேட்டு வாங்கினேன், நடுவில் சிவப்பாக வந்தது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை அக்கா. பிரெஞ்சுக்காரரின் ஆ புவான் உங்கள் ஊர் மீடியத்தைவிட ஒரு படி குறைவாக வெந்தது. அதற்கும் கீழே சேஞ்ஞான், அதற்கும் கீழே வெளிப்புறம் மட்டும் சூடு கண்ட ப்ளோ. அடுத்த முறை ஆ புவானைவிடக் கொஞ்சம் கூட என்று சொல்லுங்கள், செய்வார்கள்.

லண்டன்காரர் மறுபடியும்: ஃபோ ஃபிலே இல்லை, முதுகெலும்புக்கு உள்பக்கத்து விலை கூடிய ஃபிலே எடுத்தால் முழுக்க வெந்தாலும் மெத்தென்று இருக்கும்தானே?

இருக்காது. ஃபிலேயில் கொழுப்பே இல்லை என்று சொல்லலாம், சீக்கிரம் காய்ந்துவிடும். முழுக்க வெந்ததுதான் வேண்டும் என்றால் ஆந்த்ரகோத் எடுங்கள், அதன் கொழுப்பு ஓரளவு காப்பாற்றும்.

இன்னும் ஐந்து பேர் இதையே கேட்டிருக்கிறீர்கள். மேலே இருக்கிறது, வாசியுங்கள். கர்ப்பிணிகளுக்கு மட்டும் வேறு பேச்சே இல்லை: முழுக்க வெந்ததுதான்.

கோவையிலிருந்து ஒரு தம்பி: ஃப்ரீத் கடையிலேயே வெட்டியதா, பையில் வந்ததா என்று எப்படித் தெரியும்?

பக்கத்து மேசைத் தட்டைப் பாருங்கள். எல்லாம் ஒரே அளவாக இருந்தால் பெரும்பாலும் பை. கையால் வெட்டியதில் கிழங்கின் ஓரத்துச் சிறு துண்டுகளும் கலந்திருக்கும், அவை கூடுதலாகச் சிவந்திருக்கும். ஃபே மேசோன் என்ற சின்னத்துக்கு, அதாவது கடையிலேயே செய்தது என்பதற்கு, 2014இலிருந்து சட்டம் உண்டு. முன்பே பொரித்து உறையவைத்து வரும் ஃப்ரீத்துக்கு அதைப் போட முடியாது.

நல்ல ஃப்ரீத் இரண்டு தடவை எண்ணெய் காணும். முதல் தடவை 150 பாகை செல்சியஸ் அளவில், நிறம் மாறாமல் உள்ளே வேக. ஆறவிட்டு, 180க்கு மேல் மறுபடி போட்டால் மேல்புறம் மொறுமொறுவென்று வரும்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு அம்மா: நாங்கள் மாட்டிறைச்சி தொடுவதில்லை. ஃப்ரீத் மட்டும் சாப்பிடலாமா?

கேட்டது நல்லதாய்ப் போயிற்று அம்மா. சில கடைகளில் மாட்டுக் கொழுப்பில் பொரிப்பார்கள். வடக்கே லில் பக்கம் அதுதான் வழக்கம். எதில் பொரிக்கிறீர்கள் என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

பெயர் போடாத ஒருவர்: எந்த வைன் பொருந்தும்?

அது எனக்குத் தெரிந்த துறை இல்லை. பரிமாறுபவரைக் கேளுங்கள்.

திருச்சியிலிருந்து ஒருவர்: ஸ்டேக் தார்த்தார் என்று ஒன்று இருக்கிறதே?

பச்சை இறைச்சி. கொத்தி, மசாலா சேர்த்து அப்படியே வரும். தெரியாமல் வாங்கி முழித்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். ஸ்டேக் அஷே என்றால் கொத்திய இறைச்சியைத் தட்டிச் சுட்டது. பகுதியின் பெயரைப் பார்க்கச் சொன்னேனே, இதற்கும் சேர்த்துத்தான்.

பெங்களூரிலிருந்து ஒருவர்: டிப்ஸ், தண்ணீர்?

சேவைக்கட்டணம் விலையிலேயே அடக்கம். குழாய்த் தண்ணீருக்கு கராஃப் தோ என்று கேளுங்கள், இலவசம். ஞாயிறு, திங்கள் பல பிஸ்த்ரோக்கள் பூட்டியிருக்கும். மற்ற நாட்களிலும் மதியம் இரண்டு மணிக்குப் பிறகு போனால் அடுப்பை அணைத்திருப்பார்கள். பன்னிரண்டரைக்கே போய் உட்காருங்கள்.