ப்ளோயரைக் குறைத்தால் வாயு குறையுமா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மின்செலவை மிச்சப்படுத்த எங்கள் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் தொட்டிக்குக் காற்று செலுத்தும் ப்ளோயரைக் குறைத்துவிட்டோம். காற்றூட்டும் தொட்டியில் கரைந்த ஆக்சிஜன் இப்போது லிட்டருக்கு 0.6 மில்லிகிராம். வெளியேறும் நீரில் அம்மோனியா வரம்புக்குள்தான் இருக்கிறது. பசுமைக்குடில் வாயுவும் குறைந்திருக்கும் அல்லவா?

பதில்: மின்சாரத்தின் கணக்கில் குறைந்திருக்கும். தொட்டியிலிருந்து நேரே கிளம்புவது கூடியிருக்கவே வாய்ப்பு. ஆக்சிஜன் பற்றாதபோது முதலில் சுணங்குபவை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாக்கள். அதனால் நைட்ரைட் தேங்கும். அம்மோனியாவை உண்ணும் பாக்டீரியாக்களோ ஆக்சிஜனுக்குப் பதிலாக அந்த நைட்ரைட்டையே பிடித்துக்கொள்ளும். அப்போது பிறப்பதுதான் நைட்ரஸ் ஆக்சைடு. நூறாண்டுக் கணக்கில் இதில் ஒரு கிலோ, 273 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். உள்ளே வரும் நைட்ரஜனில் 1.6% இப்படிப் போவதாக ஐ.பி.சி.சி.யின் (ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழு) கணக்கீட்டு வழிகாட்டியின் 2019 திருத்தம் எடுத்துக்கொள்கிறது. நாளொன்றுக்கு 1,000 கிலோ நைட்ரஜன் வந்தால் 16 கிலோ. நைட்ரஜன் எடையை நைட்ரஸ் ஆக்சைடு எடையாக்க 44/28 ஆல் பெருக்கினால் 25 கிலோ நைட்ரஸ் ஆக்சைடு, அதாவது ஏறத்தாழ 6.9 டன் கார்பன் டை ஆக்சைடு. இது பொதுச் சராசரிதான். ஒரே நிலையத்திலேயே பருவத்துக்குப் பருவம் பல மடங்கு மாறும். ஒருநாள் மாதிரியை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

அம்மோனியாவை மட்டும் பார்ப்பதை விட்டு, தொட்டியின் நீளவாக்கில் மூன்று நான்கு இடங்களில் நைட்ரைட்டையும் தினமும் அளந்து வாருங்கள். வழக்கத்தைவிட ஏறினால் ஆக்சிஜனை லிட்டருக்கு 1.5 முதல் 2 மில்லிகிராம் வரை படிப்படியாகக் கூட்டுங்கள். கசடு பிழியும் இயந்திரத்திலிருந்து வரும் நீரில் அம்மோனியா மிக அதிகம். அதைப் பகல் ஷிப்டில் மொத்தமாகத் தொட்டிக்கே திருப்பி விடுகிறார்கள், காலை உச்சச் சுமையோடு சேர்ந்து தொட்டி திணறுகிறது. ஒரு சமன்படுத்தும் தொட்டியில் பிடித்து, 24 மணி நேரத்துக்கும் பிரித்து விடுங்கள். இரவில் சற்றுக் கூடுதலாகவே விடலாம்.

நைட்ரேட்டை நீக்கும் ஆக்சிஜனற்ற தொட்டியையும் கவனியுங்கள். நைட்ரேட் நீக்கத்தின் கடைசிப் படிதான் நைட்ரஸ் ஆக்சைடை நைட்ரஜனாக்குகிறது. ஆக்சிஜன் நுழைந்தாலோ கார்பன் பற்றாவிட்டாலோ அந்தப் படி முதலில் நின்றுவிடும். காற்றூட்டும் தொட்டியிலிருந்து இங்கே திருப்பி விடும் உள்சுழற்சி நீரை, காற்று குறைவாக ஓடும் கடைசிப் பகுதியிலிருந்து எடுங்கள். நைட்ரஜனைப் போல் 4 மடங்காவது பி.ஓ.டி. (நுண்ணுயிர்கள் உண்ணும் கரிமப் பொருளின் அளவு) அங்கே போய்ச் சேர வேண்டும்.

கேள்வி: நுண்ணுயிர்கள் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடையும் கணக்கில் சேர்க்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். அது உணவிலிருந்து வந்த கார்பன்; செடிகள் காற்றிலிருந்து எடுத்ததே திரும்பிப் போகிறது. சோப்புத்தூளில் இருக்கும் பெட்ரோலிய கார்பன் மட்டும் விதிவிலக்கு. பெரும்பாலோர் அதை விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: எங்கள் யு.ஏ.எஸ்.பி. தொட்டியின் (காற்றில்லாமல், கழிவுநீர் கீழிருந்து கசடுப் படுகை வழியே மேலேறும் தொட்டி) வாயுவை முழுக்கப் பிடித்து எரிக்கிறோம். மீத்தேன் கவலை இல்லையே?

பதில்: பிடிப்பது குமிழாக வருவதை மட்டும். கரைந்த மீத்தேன் நீரோடு வெளியேறுகிறது. 25 டிகிரியில் லிட்டருக்கு 15–20 மில்லிகிராம் வரை இருக்கலாம். நீர் உயரத்திலிருந்து விழும் இடத்தில் அது பறந்துவிடும். அந்த வெளியேற்றப் பெட்டியை மூடி, காற்றை உறிஞ்சி உயிர்வடிகட்டியில் (நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்ணும் படுகை) விடுங்கள். மூடிக்குள் மீத்தேன் 5 முதல் 15% வரை காற்றோடு கலந்தால் வெடிக்கும். உறிஞ்சும் விசிறி தீப்பொறி எழாத வகையாக இருக்கட்டும்.